எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

டூரிங் டயர் வாங்க வருகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி இது தான். "அண்ணே, எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதே தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடாக இருந்தாலும் சரி, ஏதோ ஒரு ஊரின் பைபாஸ் ஓரக் கடையாக இருந்தாலும் சரி, இருபதாயிரம் என்று ஒரு பதில் வந்ததும் மனம் குளிர்ந்து பணத்தை எடுத்து நீட்டுகிறார். மழையில் பிரேக் பிடித்தால் இந்த டயர் நிற்குமா என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தாலே அதிசயம்.

கேட்டால் என்ன கெட்டுப் போகிறது? கெட்டுத் தான் போகிறது. ரப்பரின் குணம் அப்படி. கெட்டியான ரப்பர் மெதுவாகத் தேயும், நெடுநாள் உழைக்கும். மென்மையான ரப்பர் தார் ரோட்டின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் இறங்கிக் கவ்விக் கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேயும். இரண்டையும் ஒரே டயரில் முழுசாகக் கொடுக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. சிலிக்கா கலந்து ஈரத்தில் பிடிமானத்தைக் கூட்டுகிறார்கள். நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மென்மையான ரப்பர் என்று இரட்டைக் கலவை டயர் செய்கிறார்கள். நேர் ரோட்டில் நடு உழைக்கட்டும், வளைவில் ஓரம் கவ்வட்டும் என்ற கணக்கு. நல்ல கணக்கு தான், ஆனாலும் அது ஒரு சமரசம். வாங்குகிறவர் எல்லோரும் ஆயுளை மட்டுமே கேட்டால், விற்கிறவர் ஆயுளைத் தானே விற்பார்?

காசுக் கணக்கையே எடுத்துக் கொள்ளலாம். ஒரு பின் டயர் நாலாயிரம் ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 20,000 கிலோமீட்டர் ஓடும் டயருக்குக் கிலோமீட்டருக்கு 20 காசு. அதே விலையில், நன்றாகக் கவ்வும் ஆனால் 12,000 தான் ஓடும் டயருக்கு 33 காசு. வித்தியாசம் 13 காசு. லிட்டருக்கு 40 கொடுக்கும் பைக்கில், பெட்ரோல் நூறு ரூபாய் என்றால், எரிபொருளுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் போகிறது. சென்னையில் இருந்து கன்னியாகுமரி சுமார் 700 கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் கெட்டி டயர் மிச்சப்படுத்தித் தருவது தொண்ணூறு ரூபாய்ச் சொச்சம். வழியில் நாலு டீயும் ரெண்டு வடையும்!

நாள் முழுக்க வண்டி ஓட்டிப் பிழைக்கும் உணவு டெலிவரித் தொழிலாளி ஆயுளைக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு டயர் ஒரு மாதச் செலவைத் தலைகீழாக்கும் சமாச்சாரம். ஆனால் இரண்டு லட்சத்துக்கு பைக், இருபதாயிரத்துக்கு ஜாக்கெட், பக்கவாட்டில் இரண்டு அலுமினியப் பெட்டி, முன்னால் ஊரையே குருடாக்கும் எல்.ஈ.டி. விளக்கு என்று பூட்டிக் கொண்டு லடாக் போகத் திட்டமிடுகிறவரும் அதே கேள்வியைத் தான் கேட்கிறார். இவரை என்ன சொல்வது?

சரி, வாங்கியாயிற்று. அடுத்தது சோதனை. காலையில் டயர் மாட்டி, மதியம் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, சாயங்காலம் தீர்ப்பு வந்து விடுகிறது: "மச்சி, சும்மா தண்டவாளத்துல போற மாதிரி இருக்குடா!" அந்தத் தீர்ப்பில் டயரைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பது தான் வேடிக்கை. நெடுஞ்சாலையிலேயே ஓடிய பழைய டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகி இருக்கும். தட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு விளிம்பு உண்டாகி விடும். வண்டி வளைவில் சாயும்போது அந்த விளிம்பைத் தாண்ட முரண்டு பிடித்து, பிறகு திடீரென்று விழும். மெதுவாக வந்த கோளாறு என்பதால் ஓட்டுகிறவர் அதற்குப் பழகியே போயிருப்பார். அந்த இடத்தில் முழு வட்டமாக இருக்கும் எந்தப் புது டயரை மாட்டினாலும், மட்டமான டயராகவே இருந்தாலும், வண்டி வெண்ணெய் மாதிரி தான் சாயும். முதல் நாள் சந்தோஷம் பழைய டயர் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கான சாட்சி. புதியதற்கு அது நற்சான்றிதழ் ஆகாது.

அது போக, அச்சில் இருந்து வந்த புது டயரின் மேல்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். ரோட்டில் உரசி அந்தப் பளபளப்பு போகும் வரை, நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்காவது வேகத்தையும் சாய்வையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தான் கூட்ட வேண்டும். நேர் ரோட்டிலேயே அந்த நூறை ஓட்டி முடித்தால் நடுப்பகுதி மட்டும் தயாராகும், ஓரங்கள் அப்படியே மினுமினுப்பாக இருக்கும். அந்த ஓரத்தை நம்பி நேராகக் கொல்லிமலையில் படுப்பது பெயர் சோதனையாம்!

ஒரு டூரிங் டயரைச் சோதிப்பது என்றால் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த நிலையில் சோதிக்க வேண்டும். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. பல வாரக் காய்ச்சலுக்குப் பிறகு விழும் முதல் தூறல், ரோட்டில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து ஒரு வழுக்குப் பூச்சு பூசும். பாலத்தின் இரும்பு இணைப்புகள், சாலையில் போட்ட வெள்ளைப் பெயிண்ட் இவற்றின் மேல் டயர் எப்படி நடந்து கொள்கிறது? இதையே பாதி தேய்ந்த பிறகும் பார்க்க வேண்டும். பட்டன் பாதியாகும்போது தண்ணீரை வெளியேற்றும் பள்ளமும் பாதியாகி விடுகிறது. புதிதில் ஈரத்தில் அருமையாக இருக்கும் டயர், எட்டாயிரம் கிலோமீட்டரில் வேறு ஆளாக மாறலாம். முதல் வாரமே ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் அப்போது திரும்பி வந்து எழுதுவதில்லை.

இதை எல்லாம் அரசாங்கம் பார்த்துக் கொள்ளாதா என்று கேட்கலாம். பார்க்கிறது, காருக்கு. ஏ.ஐ.எஸ். 142 என்ற தரவிதிப்படி கார், பேருந்து, லாரி டயர்களுக்கு ஈரச் சாலைப் பிடிமானம், உருளும் தடை, ஓசை மூன்றுக்கும் அளவுகோல் வைத்து 2022-ல் சட்டம் வந்தது. இருசக்கர வாகன டயர் அதில் இல்லை. ஐரோப்பாவின் டயர் லேபிளும் மோட்டார் சைக்கிளைச் சேர்க்கவில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். டயரால் தான் அத்தனை பேரும் போனார்கள் என்று இல்லை. ஆனால் அதிகம் பேர் சாகும் வாகனத்தின் டயர் ஈரத்தில் எப்படி என்று அறிய ஒரு எழுத்து கூட அச்சிடப்படவில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வளர்ந்த மாநிலம் இது. மதுரையில் இருசக்கர டயர் லட்சக்கணக்கில் தயாராகிறது. அந்த ஊர்க்காரர் டயரைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது விலையும் கிலோமீட்டரும் தான்.

"எல்லாம் ஓட்டுறவன் கையில இருக்கு" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், தரையைத் தொடுவது உள்ளங்கை அகலமே உள்ள இரண்டு ரப்பர் துண்டுகள் தான். "ஏ.பி.எஸ். இருக்கே" என்பது அடுத்த பதில். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம், நல்ல விஷயம். ஆனால் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. டயரிடம் இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்து கொண்டு வரும்?

டயரின் பக்கவாட்டிலேயே படிக்க எவ்வளவோ இருக்கிறது. நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. 62பி என்றிருந்தால் 265 கிலோ தாங்கும், மணிக்கு 150 கிலோமீட்டர் வரை போகலாம். பள்ளத்துக்குள் சின்ன மேடு தெரியும், பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இந்தியச் சட்டம் இருசக்கர வாகனத்துக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர். மழைக்கு அது போதவே போதாது, தேய்ந்து தேய்ந்து அந்த எல்லை வரை ஓட்டுவதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர் தான் அதிகம்.

இதில் மிகவும் பாவப்பட்டது முன் டயர். பின் டயர் சீக்கிரம் தேய்வதால் அது மட்டும் இரண்டு முறை, மூன்று முறை மாறுகிறது. முன்னால் இருப்பது வண்டியோடு வந்தது, ஆறேழு வருடமாக வெயிலில் காய்ந்து ரப்பர் இறுகி, பள்ளங்களின் அடியில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது பெரும்பாலான வேலையைச் செய்வது அது தான். புதுப் பின் டயரை மாட்டி முடித்த கடைக்காரர் முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "தம்பி, இதையும் மாத்திடுங்களேன்" என்பார்.

"பட்டன் நல்லாத் தானேண்ணே இருக்கு."