ஒளிபூண்ட தெருவும் காமன் பொட்டலும்

பல்கலைக்கழகம் என்றால் அதன் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு தெரு வேண்டும் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றி வருகிறது. புத்தகக் கடை, கோப்பிக் கடை, சிற்றரங்கு, இசைக்கூடம், நள்ளிரவு தாண்டியும் ஓயாத விவாதம் ஆகியன அமைந்த மாணவர் பேட்டையே பண்பாட்டின் விளைநிலம் என்று வாதிடப்படுகிறது. அத்தகையதொன்று கண்டியிலோ பேராதனையிலோ இல்லாமையே இங்குள்ள கலைவறட்சிக்குக் காரணம் என்றும் கூறப்படுகிறது. புதுமை போலத் தோன்றினும் இவ்வாதம் பழைய தவறொன்றின் மறுபிறப்பே ஆகும். பண்பாட்டைப் படைப்போரை மறந்து, அது நுகரப்படும் இடத்தை மட்டும் போற்றுவதே அத்தவறு.

இவ்வாதத்தினர் முதலிற் காட்டும் சான்று பாரிசின் இலத்தீன் வட்டாரம். மத்திய காலத்திற் கல்விமொழியாயிருந்த இலத்தீனால் அது அப்பெயர் பெற்றது. சொர்போன் கல்லூரி அங்கு நிறுவப்பட்டது 1257 இல். ஆயின் அவ்வட்டாரம் உலகின் நினைவில் நிலைத்தமைக்கு அதன் மதுச்சாலைகளா காரணம்? 1968 மே 10 ஆம் நாள் இரவு மாணவர்கள் தெருவிற் பதித்த கற்களைப் பெயர்த்துத் தடையரண் எழுப்பினர். அம்மாதமே இலட்சக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆலையும் வகுப்பறையும் ஒரு கணமேனும் கைகோத்தமையே அந்த இரவின் பெருமை. பின்னர் அக்கற்றெருக்கள் தாரால் மூடப்பட்டன. பாரிஸ் பல்கலைக்கழகம் பதின்மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வீட்டு வாடகை உயர்ந்தது. ஏழை மாணவனுக்கு அங்கு இடமில்லாது போயிற்று. விளக்குகள் மட்டும் இன்றும் எரிகின்றன, உல்லாசப் பயணிகளுக்காக.

தொலைவிற் செல்லவும் வேண்டியதில்லை. 2022 இல் கொழும்புக் காலிமுகத்திடலில் எழுந்த போராட்டக் களத்திலே கூடாரங்களுக்குள் நூலகம் இயங்கியது; மேடை இருந்தது; இரவிலும் விவாதம் ஓயவில்லை. எந்த முதலாளியும் அதனைத் திட்டமிடவில்லை. எதிர்த்து நிற்க ஒன்றிருந்தது. ஆகவே பாடவும் ஒன்றிருந்தது. அதற்கு நான்காண்டு முன்னர், 2018 ஒக்டோபரில், அதே திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடை தரித்துத் திரண்டனர். தோட்டத்தில் உழைக்கும் பெற்றோருக்கு நாட்கூலி ஆயிரம் ரூபா வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. கொழும்பின் உணவகங்களிலும் கடைகளிலும் நள்ளிரவுவரை நின்று உழைப்போர் இத்தகைய இளைஞரே. நகரத்தின் இரவை விழித்திருக்கச் செய்யும் கைகளுக்கு உரியவர்கள், அந்த இரவின் பண்பாட்டுக் கணக்கில் மட்டும் இடம்பெறுவதில்லை.

அக்கைகள் வந்த ஊர்களுள் ஒன்று அக்கரப்பத்தனை. தலவாக்கொல்லையிலிருந்து லிந்துலை வழியாக ஏறிச் செல்லும் பாதையில், தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிறிய கடைத்தெரு அது. அங்கு ஓடும் ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியாகிப் பேராதனை வளாகத்தைத் தழுவிச் செல்கிறது. தண்ணீருக்குத் தெரிந்த வழி கல்விக்குத் தெரியாது போனது விந்தையே.

அம்மலைகளின் தோட்டங்களிலே மாசி மாதம் பிறந்தால் காமன் ஊன்றப்படும். பகலெல்லாம் கொழுந்துக் கூடையும் முள்ளும் மண்வெட்டியும் சுமந்தோர், இரவில் லயத்துக்கு அண்மையிலுள்ள காமன் பொட்டலிற் கூடுவர். காப்புக் கட்டி விரதம் காத்தவர் இரதியும் மதனுமாக ஆடுவர். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும், இரதி புலம்புவதும், தப்பொலி மலையில் மோதி மீள்வதும் விடியும்வரை தொடரும். விடிந்ததும் பெரட்டுக்குச் செல்லவேண்டும். நுழைவுச் சீட்டுமில்லை, விளம்பரமுமில்லை. இரவுப் பண்பாடு என்ற சொல்லுக்கு இதனினும் தகுதியான பொருள் எந்த மாணவர் பேட்டையில் உண்டு?

இக்கூத்தைப் பல்கலைக்கழகம் எவ்வாறு நோக்கியது? 1956 இல் சரச்சந்திரர் ‘மனமே’யை அரங்கேற்றினார். அதற்கு ஊற்றான சிங்கள நாடகம மரபின் வேர் தமிழ்க் கூத்தில் உள்ளது. அதனையடுத்து, 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றி மட்டக்களப்புக் கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். அது போற்றற்குரிய பணி. ஆயின் வளாகத்துக்குச் சில மணி நேரத் தொலைவில் ஆடப்பட்ட காமன் கூத்துக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை. தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுக்கும் பணியைத் தோளிற் சுமந்தவர், 1947 இல் தலவாக்கொல்லையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை.

இதனைத் தனியொரு அறிஞரின் குறையாகக் கொள்ளலாகாது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளுக்கு எட்டவில்லை. 1970களிலேயே அவற்றை அரசு பொறுப்பேற்றது. பெற்றோரின் கூத்தை மேடைக்கு எடுத்துவரக்கூடிய மகன் வகுப்பறைக்கே வரவில்லை. இன்று அவன் வருகிறான், அவள் வருகிறாள். ஆயின் வந்தோரிற் சிலர் தோட்டத்தின் பெயரைச் சொல்லவும் நாணி, பண்பாடு எங்கோ ஒரு நகரத் தெருவில் இருப்பதாக நம்புகின்றனர். இழிவு கற்பிக்கப்பட்ட மக்கள் அவ்விழிவைத் தாமே ஏற்பதினும் பெரிய தோல்வி வேறில்லை.

காமன் கூத்து மூடநம்பிக்கை என்றும், அழிவது அழியட்டும் என்றும் கூறுவோர் உளர். கூத்தில் குறையில்லை என்பது இங்கு வாதமன்று. தப்பொலியை விரும்பும் தோட்டமே தப்படிப்பவனைச் சாதியாற் தள்ளி வைக்கிறது. இரதியின் துயரை ஆணே ஆடிக் காட்ட, நாள் முழுதும் கொழுந்து கொய்த பெண் ஓரத்தில் நின்று பார்க்கிறாள். இவற்றைக் கேள்விக்குள்ளாக்குதல் மாணவரின் கடன். ஆயின் கேள்வி கேட்பவன் முதலிற் பொட்டலுக்குச் செல்லவேண்டும். பாராமலே ஒதுக்குவது பகுத்தறிவன்று, மேட்டிமை.

கூத்து ஒழிந்த இடம் வெறுமையாய் இருப்பதுமில்லை. நூலகம் வரத் தயங்கும் தோட்ட நகரங்களுக்கு மதுக்கடை தயங்காது வந்துவிடுகிறது. விலைக்கு விற்கப்படும் இரவு, பொட்டலில் ஆடிய இரவின் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. நகரத்து ஒளித்தெருவும் அதே வணிகம்தான். அங்கு விளக்கு அதிகம், விலையும் அதிகம்.

ஆகவே தமிழ்ச் சங்கங்கள் செய்யவேண்டியது தெளிவு. வரும் மாசியில் மாணவர்கள் அக்கரப்பத்தனைக்குப் புறப்படட்டும். உல்லாசப் பயணிகளாக ஒளிப்படம் எடுத்துத் திரும்பாது, கூத்து வாத்தியாரிடம் அமர்ந்து பாட்டையும் அடியையும் கற்கட்டும். அவர் இசைவுடன் எழுதிப் பேணட்டும். தப்படிப்பவர் வளாக அரங்கில் ஆசிரியராக அமரட்டும். இரதியைப் பெண் ஆடட்டும். அவ்வாறு செய்த பின்னர் பேராதனையில் ஓர் இரவு விழித்திருக்குமாயின், அதற்குக் கோப்பிக் கடை தேவைப்படாது. தப்பொலி போதும்.