பெட்டி இல்லாத ஆட்டங்கள்

பழைய விளையாட்டுப் பெட்டிகளைத் தேடிச் சேர்க்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்காங்க. லூயி வித்தோன், எர்மேஸ் மாதிரியான கம்பனிகள் செய்த தோல் போர்த்திய பேக்கேமன் பெட்டி, பிரயாணத்துக்கு மடித்து எடுத்துப் போகிற செஸ் பெட்டி எல்லாம் பல ஆயிரம் டொலருக்கு விலை போகின்றன. போனில் இந்தப் படங்களைப் பார்க்கிறபோது எங்களுக்குள்ள வந்த முதல் கேள்வி: "நாள் சம்பளத்துக்கு ரோட்டுல இறங்குற மலையகத்துக்கு இதுல என்ன இருக்கு?"

இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

முதல் விசயம், இந்தச் சந்தையில் இலங்கைக்கு ஒரு இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் காலிப் பக்கத்துத் தச்சர்கள் கருங்காலியில் மேசையும் பெட்டியும் செய்து, நடுவில் செஸ் கட்டம் பதித்தார்கள். முதிரை, பலா, புளி, தென்னை, கலமந்தர் என்று தீவின் மரங்களையெல்லாம் சின்னச் சின்னத் துண்டாக அறுத்து அதில் இழைத்தார்கள். சில பெட்டிகளில் முள்ளம்பன்றி முள்ளை வரிசையாக அடுக்கி ஒட்டியிருப்பார்கள். கொழும்புத் துறைமுகம் பெரிதாகும் முன் கப்பல்கள் காலியில்தான் நின்றன. இறங்கிய வெள்ளைக்காரர்கள் இவற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். இன்று லண்டன் ஏலக்கடைகளில் அவை 'காலி மாவட்டம்' என்ற குறிப்போடு வருகின்றன. எந்த ஊர், எந்தக் காலம், என்ன மரம், எங்கே வெடிப்பு, எந்தக் காய் குறைவு என்று எல்லாம் எழுதியிருக்கும். செய்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, பிரயாணப் பெட்டி. லண்டன் ஜேக்ஸ் கம்பனி 1849இல் ஸ்டோன்டன் செஸ் காய்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குப் போட்டிகளில் வைக்கிற காய்களுக்கு அதுதான் மூலம். அதே கம்பனி 'இன் ஸ்டேட்டு குவோ' என்ற மடிக்கும் பலகையையும் செய்தது. ஆட்டம் பாதியில் நின்றால் காய்களை அதே இடத்தில் பூட்டி, பலகையை மடித்து வைத்துவிடலாம். கப்பலோ ரயிலோ எவ்வளவு ஆடினாலும் காய் அசையாது. கடல் தாண்டி வேலைக்குப் போன தொரைமார் மாதிரி ஆட்களுக்கு ஏற்ற சாமான். இங்கே வந்த பிறகு அவர்களுக்குக் கிளப்புகளும் கிடைத்தன. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது; பில்லியர்ட்ஸ் மேசை இன்னும் அங்கே இருக்கு. பழைய பங்களாக்கள் பல இப்போது ஹோட்டல்கள். தொரைமார் ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று தெரிந்துகொள்ள, காசு இருந்தால் ஒரு நாள் போய்த் தங்கினால் போதும்.

அதே காலத்தில் கடல் தாண்டி வந்த இன்னொரு கூட்டம் இருக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்கள் கையில் மடிக்கும் பலகை இருந்திருக்க வழியில்லை. ஆனால் ஆட்டங்கள் வந்து சேர்ந்தன. தலைக்குள் இருந்த விதிகளாக வந்தன. பல்லாங்குழிக்கு மண்ணில் பதினாலு குழி, சமையலில் மிஞ்சிய புளியங்கொட்டை. தாயத்துக்குக் கரிக்கோடு, சோழி கிடைக்காவிட்டால் உரசி வெளுத்த புளியங்கொட்டை. ஆடுபுலிக்கு மூணு பெரிய கல், பதினஞ்சு சின்னக் கல். உலகத்தின் ஆகச் சிறந்த பிரயாணப் பெட்டி இதுதான் என்பது எங்கள் கட்சி. தொலையாது, உடையாது, களவு போகாது.

ஆனால் ஒரு சிக்கல். ஆடி முடித்ததும் கோடு அழிந்துவிடும். கொட்டை குப்பைக்குப் போகும். ஏலத்தில் விட எதுவும் மிஞ்சாது, அருங்காட்சியகத்தில் வைக்கவும் எதுவும் மிஞ்சாது. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய மெசின்களும் ஜேம்ஸ் டெய்லர் ஞாபகமும் இருக்கு. கம்பளைப் பக்கத்தில் பழைய லயக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக்கி, தொழிலாளர் வீட்டுப் பொருட்களைச் சேர்த்து வைத்திருக்காங்க. அது சாதாரண வேலை இல்லை. போகாதவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்க. ஆனாலும் அருங்காட்சியகத்துக்குள் போக ஒரு பொருள் வேண்டும். பொருளே தேவைப்படாத ஆட்டத்தை எந்த அலமாரியில் வைப்பது?

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். எங்கள் ஆட்களைப் பற்றிய பதிவுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. செக்ரோலில் பேர் போட்ட நாள் இருக்கும். பறித்த கொழுந்தின் கிலோ இருக்கும். பிடித்த கடன் இருக்கும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று எங்களை எண்ணிப் பிரித்த கணக்குகள் இருக்கும். எல்லாமே வேலைக் கணக்கு அல்லது தலைக் கணக்கு. ஞாயித்துக்கிழமை பின்னேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்து யார் யாரை ஏமாற்றினார்கள், யார் தோற்று எழுந்து போனார்கள், பெரிய பிள்ளையானவளைத் தனியாக உட்கார வைத்த நாட்களில் அவளோடு யார் தாயம் உருட்டினார்கள் என்பது அந்தக் கணக்குகளில் இல்லை. தொரைமாரின் ஓய்வுக்குக் கருங்காலிப் பெட்டி சாட்சி. எங்கள் அம்மாயிமாரின் ஓய்வுக்கு அவர்களே சாட்சி. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்காங்க.

மிஞ்சியிருக்கிற கொஞ்ச மரப் பலகைகளுக்கும் இப்போது ஆள் வருது. எங்களில் ஒருத்தியின் வீட்டுக்குப் பழைய பித்தளை வாங்குகிற ஒருவர் வந்தார். பரணில் கிடந்த பல்லாங்குழியைப் பார்த்து, ரெண்டு கிலோ அரிசிக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். "எத்தனை வருசத்து மரம் ஆச்சி?" என்று கேட்டார். எப்படி ஆடுவது என்று கேட்கவில்லை. இப்படியான பலகைகளை ஹோட்டல் வரவேற்பறைகளில் பார்க்கலாம். குழிக்குள் கண்ணாடிக் கல்லோ பூவோ போட்டு வைத்திருப்பார்கள். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆடத் தெரிந்த யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

இதை வைத்துச் சேகரிப்பாளர்களைத் திட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பழக்கம் இருக்கு. நல்ல சேகரிப்பாளர் துருவித் துருவிக் கேட்பார். எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது, விதித்தாள் இருக்கா, காய் முழுசா இருக்கா? அந்தத் துருவலை நாம் பலகையின் மேல் காட்டாமல் விதியின் மேல் காட்ட வேண்டும். பல்லாங்குழியில் குழிக்கு அஞ்சு கொட்டையா ஆறா? நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுக்கிற வழக்கம் உங்கள் தோட்டத்தில் உண்டா, அதற்கு வேற பேரா? தாயத்தில் ஒரு காயாவது வெட்டாமல் பழம் எடுக்க விடுவார்களா? மஸ்கெலியாவில் ஒரு விதி, ராகலையில் ஒரு விதி என்று இருக்கலாம். அந்த வித்தியாசம்தான் நம்முடைய சேகரிப்பு.

இது முடியாத காரியம் இல்லை. ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனத் திணைக்கள அதிகாரி 1909இல் வந்த தன் நூலில் இந்தத் தீவின் பலகை ஆட்டங்களுக்கென்று பக்கங்கள் ஒதுக்கினார். சிங்களவர் புதுவருசத்துக்கு ஆடுகிற ஒலிந்த கெலிய குன்றிமணி போட்டு ஆடுவது. நம் பல்லாங்குழியின் நெருங்கிய சொந்தம். ஒரு இஞ்சினியர் உத்தியோகத்துக்கு நடுவில் செய்ததை, கையில் போன் வைத்திருக்கிற நம்மால் செய்ய முடியாதா?

"காணி இல்ல, வீடு இல்ல, இதுல பல்லாங்குழியா?" என்று எங்கள் கெம்பஸ் நண்பர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. காணிக்கும் வீட்டுக்குமான போராட்டத்தை இதற்காக ஒரு நாளும் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது கேட்டது காணியை மட்டும் இல்லை. இந்த நாட்டில் சமமான மனிதர்களாக மதிக்கப்படுவதையும்தான். உழைத்தார்கள், கஷ்டப்பட்டார்கள் என்று மட்டுமே ஒரு சமூகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால், அது செக்ரோலைத் திரும்ப எழுதுகிற மாதிரி ஆகிவிடும். அவர்கள் கணக்குப் போட்டார்கள், தந்திரம் செய்தார்கள், சிரித்தார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைகள் போனில் லூடோ ஆடுறாங்க. அது இந்தியாவின் பச்சீசியிலிருந்து போய், 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கித் திரும்பி வந்த ஆட்டம். பாம்பும் ஏணியும் அப்படித்தான். நம் பக்கத்தில் அதற்குப் பரமபதம் என்று பேர். எழுதி வைத்தவன் பேரில்தான் ஆட்டம் நிற்கும்.

அதனால் வெக்கேஷனுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாயியிடமோ அப்பாயியிடமோ போய்ப் பேட்டி எடுக்காதீங்க, உட்கார்ந்து ஆடுங்க. கட்டாயம் தோற்பீங்க. ஆடும்போது குரலைப் பதிவு செய்யுங்க. தோட்டத்தின் பேர், டிவிசன், யாரிடம் கற்றார், என்ன கொட்டை, குழிக்கு எத்தனை, வெற்றிக்கும் தோல்விக்கும் என்ன சொல், இதெல்லாம் தமிழிலேயே எழுதுங்க. ஒப்பந்தத்தில் பிரிந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போன சொந்தங்கள் போனில் இருந்தால் அவர்களிடமும் கேளுங்க. ராமேஸ்வரக் கப்பல் 1984இல் நின்றுபோனது. ஒரே லயத்து விதி அங்கே ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் மாறியிருக்கலாம். பலகை வீட்டில் இருந்தால் விற்காதீங்க. விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், விதியை எழுதி வைத்துவிட்டு விற்றுப் போடுங்க.

எழுதினதை எங்களுக்கு அனுப்புங்க. தோட்டம் தோட்டமாகப் பிரித்து இங்கேயே போடுவோம்.