பனிக்காலமும் மளிகைக் கடையும்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் நம் மளிகைக் கடைகளுக்கென்று தனியாக ஒரு பருவம் தொடங்குகிறது. தீபாவளி வியாபாரம் முடிந்த களைப்பில் நம்மில் பலர் இதைச் சரியாகக் கவனிப்பதில்லை. தீபாவளிக்கு இனிப்பையும் காரத்தையும் பலகாரக் கடையில் வாங்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களின் கதை வேறு. பொரி உருண்டை, மாவிளக்கு, திருவாதிரைக் களி, வாசல் கோலம், சர்க்கரைப் பொங்கல் ஆகிய எல்லாமே இன்னும் பெரும்பாலும் வீட்டில், வீட்டில் உள்ளவர்கள் கையால் செய்யப்படுபவை. இந்த மூன்று மாத வியாபாரத்தை நாம் எப்படி நடத்துகிறோமோ, அதைப் பொறுத்தே சிறு மளிகைக் கடையின் வருங்காலம் அமையும் என்பது நமது கருத்து. அதற்கான காரணங்களை வணிக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஒரு பாக்கெட்டா, ஏழு சாமானா?

சென்ற ஆண்டு திருக்கார்த்திகைக்கு நான்கு நாள் முன்பு, பாக்கி வசூலுக்காக ஒரு சில்லரைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். இளம் வயதுப் பெண் ஒருவர் வந்தார். கையில் குழந்தை. "அண்ணாச்சி, பொரி உருண்டைக்கு எந்த வெல்லம் வாங்கணும்?" என்று கேட்டார். முதலாளி சரக்கு இறக்கப் போயிருந்தார். தராசில் நின்ற பையன் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "எல்லா வெல்லமும் ஒண்ணுதான்க்கா" என்றான். அந்தப் பெண் சிறிது நேரம் யோசித்தார். பிறகு மேலே தொங்கிய பொரி உருண்டைப் பாக்கெட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் வீட்டில் செய்வதாக முடிவு எடுத்திருந்தால் என்னென்ன வாங்கியிருப்பார் என்று அங்கேயே கணக்குப் போட்டோம். பொரி, பாகு வெல்லம், பொட்டுக்கடலை, தேங்காய், ஏலக்காய், சுக்கு, கையில் தடவிக்கொள்ள நெய். ஆக ஏழு சாமான். அதோடு அகல், திரி, நல்லெண்ணெய் என்று கேட்டிருப்பார். எல்லாம் போய் ஒரு பாக்கெட் விற்றது. அந்தப் பாக்கெட்டை விற்க நம் கடை தேவையே இல்லை. பெரிய நகரங்களில் செல்போனில் தட்டினால் சில நிமிடங்களில் வாசலுக்கே அது வந்துவிடுகிறது. நம்மைவிட விலை குறைத்துத் தர அவர்களிடம் முதல் இருக்கிறது.

ஆனால், "பொரி உருண்டைக்குப் பாகு வெல்லம்தான் வாங்க வேண்டும் தாயி. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாருங்கள். தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கணும். அதுக்கப்புறம் பொரியைக் கொட்டுங்க" என்று சொல்ல அந்தச் செல்போனால் ஆகாது. அதைச் சொல்கிற ஆள் கடையில் இருக்கும்வரை கடை இருக்கும்.

மூன்று மாதத்தில் நடப்பது என்ன?

தென் மாவட்டங்களில் மட்டும் இந்தப் பருவத்தில் வீடுகளில் நடக்கும் வேலைகளை எண்ணிப் பார்ப்போம். திருக்கார்த்திகைக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் ஓலைக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் கலந்து, பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவித்தால் தெருவே மணக்கும். ஊர்ப்புறங்களில் பையன்கள் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் முடிந்து, பனைமட்டைக்கு நடுவில் கட்டி மாவலி சுற்றுவார்கள். பொறி பறக்கும். காசு கொடுத்து வாங்கும் மத்தாப்புக்கு அது குறைந்ததல்ல.

மார்கழி வந்தால் வாசலில் தினமும் கோலம். சாணத்தில் பூசணிப்பூ வைத்து, மாலையில் அந்தப் பூவைச் சாணத்தோடு சேர்த்து வறட்டி தட்டிக் காயவைப்பார்கள். தையில் பெண் குழந்தைகள் மண்ணால் சிறுவீடு கட்டி, அதில் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து, சேர்த்து வைத்த பூ வறட்டிகளை ஆற்றில் விடுவார்கள். பத்துக் குழந்தைகள் கூடும் அந்தப் பொங்கலுக்கும் அரிசியும் வெல்லமும் நம் கடையில்தான்.

கிறிஸ்தவ வீடுகளில் இதே மாதத்தில் மூங்கில் குச்சியை வளைத்து, வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் கட்டுவார்கள். குடில் ஜோடிப்பார்கள். அதற்குப் பசை காய்ச்ச மைதா, கட்ட நூல்கண்டு. அடுப்பங்கரையில் அச்சு முறுக்கு. குமரி மாவட்டத்தில் சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, பாகு சேர்த்து உருட்டி முந்திரிக்கொத்து. திருவாதிரைக்கு அரிசியை வறுத்து ரவையாக உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் களி. பிறகு பொங்கல்.

இவற்றில் ஒன்றுகூடச் சாதாரண நாள் சமையல் அல்ல. செய்பவருக்குச் சந்தேகம் வரும். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத வீடுகள் இன்று அதிகம். ஆகவே சந்தேகத்தைக் கேட்க அவர்கள் வரும் இடம் நம் கடையாக இருக்க வேண்டும்.

எங்கள் கடையில் நடந்த தவறு

யோக்கியதை பேசுவதற்கு முன் எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுவது முறை.

1990-களில், தகப்பனார் காலத்தில், ஒரு தைப் பொங்கலுக்கு எங்கள் மண்டியில் எலுமிச்சம்பழ நிறத்தில் வெல்லம் இறக்கினோம். கண்ணைப் பறிக்கும் நிறம். பழுப்பு வெல்லம் மூட்டையோடு கிடக்க, இது இரண்டே நாளில் காலியாயிற்று. நிறத்துக்காகக் காய்ச்சும்போது ஹைட்ராஸ் என்னும் மருந்து சேர்க்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. சில்லரைக் கடைக்காரர்கள் நிறம் கேட்டார்கள். அவர்களிடம் வாடிக்கையாளர் நிறம் கேட்டார்கள். நாங்கள் கொடுத்தோம்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் இரண்டு உருண்டை வெல்லத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எங்களோடு இருபது வருடப் பழக்கம் உள்ளவர். "மொதலாளி, எங்க தெருவில நாலு வீட்டுப் பானையில பால் திரிஞ்சு போச்சு. தை முதல் நாள் பானை திரிஞ்சா அந்த வீட்டில என்ன நினைப்பாங்க? இதை உங்க வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொங்கிப் பாருங்க" என்றார். சத்தம் போடவில்லை. தகப்பனார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவரும் எண்ணி வாங்கிக்கொண்டு, பழைய பாக்கியைப் பைசா சுத்தமாகத் தீர்த்துவிட்டுப் போனார். பிறகு எங்கள் மண்டிப் படி ஏறவே இல்லை. எதிர்ச்சாரியில் சரக்குப் போட்டுக்கொண்டு, எங்களைக் கண்டால் வணக்கம் மட்டும் சொல்லிப் போவார்.

வெல்லம் தின்றவன் ஒருவன், விரல் சூப்பியவன் ஒருவன் என்பார்கள். காய்ச்சியவர் எங்கோ இருக்க, திட்டு வாங்கியது அந்தச் சில்லரைக் கடைக்காரர். ஆனால் தெரிந்தே விற்ற நாங்கள் குற்றமற்றவர்கள் என்று சொல்ல முடியாது.

பால் திரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கொதிக்கும் பாலில் வெல்லத்தை அப்படியே போட்டால் நல்ல வெல்லமும் சில நேரம் திரிக்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அரிசி குழைந்த பின் இறக்கும் தறுவாயில் சேர்க்க வேண்டும். உவர் நிலத்துக் கரும்பில் காய்ச்சியது உப்புக் கரிக்கும். இதையெல்லாம் வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வது நம் வேலை.

இன்றைய சட்டப்படி வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. 2011-இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் காய்ச்சியவரோடு விற்றவரும் பதில் சொல்ல வேண்டியவரே. அதிகாரி வந்து மாதிரி எடுக்கும் முன் நாமே ஒரு துண்டை வெந்நீரில் கரைத்துப் பார்க்கலாம். அடியில் மண்டி எவ்வளவு, நாக்கில் உப்பு தட்டுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மருந்து கலந்ததா என்று அதில் தெரியாது. அதற்கு, எந்த ஆலையில் யார் காய்ச்சியது என்று கேட்டு வாங்குவதே வழி. பழுப்பு வெல்லத்தை முன்னால் வைத்து, "நிறம் கம்மி, ருசி ஜாஸ்தி" என்று வாய் திறந்து சொன்னால் விற்காமல் போகாது. கருப்பட்டிக்கும் இதே நியாயம். சீனி கலந்த கருப்பட்டியை அசல் விலைக்கு விற்பது ஓலைக் கொழுக்கட்டை செய்யும் வீட்டை ஏமாற்றுவதாகும்.

கோலப்பொடியும் கொழுக்கட்டை மாவும்

மார்கழியில் கோலப்பொடி நன்றாகப் போகும். நல்ல வியாபாரம். ஆனால் முன்போல் இப்போது பலரும் பச்சரிசி மாவில் கோலம் போடுவதில்லை. எறும்புக்கும் குருவிக்கும் இரையான காலம் போய்விட்டது. இன்று விற்பது கல்லை அரைத்த பொடி. வண்ணப்பொடியில் சாயம். சில கடைகளில் இடியாப்ப மாவு டின்னுக்குப் பக்கத்திலேயே கோலப்பொடி மூட்டை நிற்கிறது. ஒரே கரண்டி இரண்டிலும் புழங்குவதையும் கண்டிருக்கிறோம். தயவுசெய்து இதை உடனே நிறுத்த வேண்டும். கோலப்பொடி, வண்ணப்பொடி, காவி ஆகியவை கடையின் வெளிப்பக்கம் தனி மேடையில், தனிக் கரண்டியோடு இருக்கட்டும். பெண்களும் குழந்தைகளும் நின்று நிறம் பார்த்து வாங்க அதுவே வசதி.

இந்த மாதங்களில் காற்றில் ஈரம் அதிகம். வெல்லம் கசியும். பொரி நமுத்துவிடும். வெல்ல மூட்டையைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். பொரியை அன்றன்றைக்குப் பிரித்த மூட்டையிலிருந்து கொடுக்க வேண்டும். சூடமும் ஊதுபத்தியும் மாவு வகைகளுக்கு அருகில் இருந்தால் களியில் சூட வாசனை அடிக்கும்.

பத்து ரூபாய் ஏலக்காய்

வீட்டில் செய்கிறவருக்குத் தேவைப்படுவது சிறிய அளவு. 50 கிராம் பொட்டுக்கடலை, பத்து ரூபாய்க்கு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு. "இதுக்கெல்லாம் யார் நிறுத்துக் கொடுப்பது" என்று சலித்துக்கொள்ளும் கடைகள் பெருகிவிட்டன. 2022 ஜூலை 18 முதல், கட்டி முத்திரையிட்டு விற்கும் அரிசி, பருப்பு, மாவு, வெல்லம் ஆகியவற்றுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. வாங்குபவர் கண்முன் நிறுத்துக் கொடுக்கும் சில்லரைக்கு அது கிடையாது. சில்லரையாகக் கொடுப்பது நமது பலம். அதை நாமே விட்டுக்கொடுப்பது என்ன நியாயம்?

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்பது 2018-ஆம் ஆண்டு விதி. ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆகவே அச்சு மை படாத காகித உறைகளை ஐப்பசியிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

புது அரிசி வந்ததும் "இது புதுசு, தண்ணீர் குறைச்சு வையுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். எது பாகு வெல்லம், எது பொங்கல் வெல்லம், நெல் பொரி எது, அரிசிப் பொரி எது என்று தெரியாத பையனைத் தராசில் நிறுத்துவது நமக்கே நஷ்டம். கல்லாவில் இருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவர்களைக் கேட்டாலே போதும்.

யார் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு

"இந்தக் காலத்தில் யார் அண்ணாச்சி வீட்டில் செய்கிறார்கள்?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். குடும்பம் சிறுத்துவிட்டது உண்மை. இரண்டு கிலோ வெல்லம் வாங்கிய வீட்டில் அரைக் கிலோ போதுமென்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் 2020-இல் ஊரடங்கின்போது என்ன பார்த்தோம்? கடைகள் அடைத்துக் கிடந்த நாளில், அதுவரை அடுப்பங்கரை பக்கம் போகாதவர்கள்கூடச் செல்போனில் படம் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். செய்யும் ஆசை யாருக்கும் போய்விடவில்லை. நல்ல சரக்கும் நாலு வார்த்தை யோசனையும் கிடைத்தால் செய்வார்கள். முதல் தடவை பாகு முறிந்து போனால் அடுத்த வருடம் பாக்கெட்டுக்குப் போய்விடுவார்கள்.

மொத்த வியாபாரி தன் சரக்குப் போகத்தானே இதை எழுதுகிறார் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். மறுக்கவில்லை. எங்கள் வெல்லமும் பருப்பும் உங்கள் கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் உங்கள் தராசுக்கு வேலை இல்லை. உங்கள் தராசு நின்றால் எங்கள் மண்டிக்குப் பூட்டு.

ஆகவே, வரும் கார்த்திகைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கிக் கடையைச் சுற்றிப் பாருங்கள். கோலப்பொடியை வெளியே வையுங்கள். வெல்லத்தை உடைத்து வாயில் போட்டுப் பாருங்கள். அதை உங்கள் வீட்டுப் பொங்கல் பானையில் போடத் துணிவு இருந்தால் மட்டும் விற்பனைக்கு எடுத்து வையுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து, எந்த வெல்லம் என்று கேட்டால், தலை நிமிர்ந்து பதில் சொல்லுங்கள்.