வஜ்ஜிரம்

தளவாய்புரத்தில் வயலின் வைத்திருப்பவனுக்குச் சங்கீதத்தைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு: அது பழுதுபட்டால் யாரிடம் கொண்டுபோவது? தந்தியும் பிருடையும் மதுரையில் வாங்கிக்கொள்ளலாம். பலகையே வாய்விட்டால்?

எனக்கு அது நேர்ந்தது ஒரு சாரல் காலத்தில். மேற்பலகையின் ஓர ஒட்டு விட்டுப்போயிற்று. விசாரிக்காமல் ஒருவரிடம் கொடுத்தேன். மரச்சாமான்களுக்குப் பூசும் வெள்ளைப் பசையால் அழுத்தமாக ஒட்டித் தந்து, 'இனி ஆயுசுக்கும் விடாது' என்றார். சொன்னபடியே விடவில்லை. அடுத்த சித்திரை வெயிலில் ஒட்டு அப்படியே நின்றது, பலகைதான் பிளந்தது.

பிறகே விஷயம் விளங்கியது. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அப்போது ஒட்டு முதலில் விலகிக்கொடுத்து மரத்தைக் காக்க வேண்டும். அதனால்தான் வயலின் செய்பவர்கள் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைப் பயன்படுத்துகிறார்கள். சூடும் ஈரமும் காட்டினால் அது இளகும். பிரித்து, உள்ளே சரிசெய்து, மீண்டும் ஒட்டலாம். நம் பழைய தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொன்னது இவ்வகைப் பசையைத்தான்.

ஆகவே நம்பத்தக்க கைவினைஞருக்கு என் இலக்கணம் இது: தான் செய்ததைப் பின்னால் வருபவர் சேதமின்றி அவிழ்க்க முடிகிறபடி செய்பவர். என்ன பசை என்று கேட்டால் முகம் சுளிக்காதவர். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குபவர். வயலினுக்குள்ளே, ஒட்டப்படாமல், தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் சிறு குச்சி ஒன்றுண்டு. அது மயிரிழை நகர்ந்தாலும் நாதம் மாறும். இத்தாலியர் அதை 'ஆன்மா' என்றே அழைக்கிறார்கள். காரணம் சொல்லாமல் அதைத் தொடுபவரிடமிருந்து வயலினைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படி ஒருவரைத் தேடி ஏன் அலைய வேண்டியிருக்கிறது? இத்தனைக்கும் கோவில்பட்டி தாண்டினால் எட்டயபுரம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே சமஸ்தான வித்துவானாக இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி. வந்த வாத்தியத்தை நாம் கமகத்துக்குப் பழக்கினோம். தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும் முறையைக் கண்டோம். அதன் தச்சனை மட்டும் உருவாக்கிக்கொள்ளவில்லை. வீணைக்குத் தஞ்சாவூர் இருக்கிறது; 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை இருக்கிறது, அதற்கு 2022இல். வயலினுக்கு அப்படிப் பெயர் சொல்ல நம்மிடம் ஓர் ஊர் இல்லை. கிரெமோனாவின் வயலின் செய்யும் கலையை 2012இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அங்கே தச்சனுக்கும் வித்துவானுக்குரிய மதிப்பு உண்டு.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் வயலின் கற்றுத் தருகிறார்கள். மரவேலை அறிந்த இளைஞர் சிலருக்கு அங்கேயே பழுதுபார்க்கவும் கற்றுத் தர வேண்டும் என்பது என் கட்சி. ஒட்டுப் பிரிக்கவும், வில்லுக்கு மயிர் மாற்றவும் தெரிந்த ஒருவர் மாவட்டத்துக்கு ஒருவராவது இருந்தால் போதும். வாசிப்பவருக்குப் பொன்னாடை போர்த்தும் சபைகள் இந்தச் செலவில் கொஞ்சம் ஏற்கலாம்.

என் வயலின் இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. அந்தப் பசையை எடுப்பதென்றால் மரத்தையும் சேர்த்துச் செதுக்க வேண்டியிருக்குமாம்.