உறுதியில்லா வீடு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. அத்தனி வளையைத் தலைமுறை தலைமுறையாகக் காணாத குடும்பங்கள் நம் மலைநாட்டில் இன்றும் உள்ளன. லயத்திலே ஒரு சிறு காம்பரா. அதனுள்ளே பாட்டனும் பேரனும், அடுப்பும் படுக்கையும்! இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவர்கள் வீடின்றி இருப்பது சோம்பலாலோ சிக்கனமின்மையாலோ அன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கடல் கடக்கச் செய்தது. எஞ்சி நின்றோரின் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலேதான் சட்டம் பிறந்தது. நாட்டுரிமை வந்தது, நிலவுரிமையோ பின்தங்கியே நின்றது.

காரணம் யாது? 1970களில் தேசியமயமான தோட்டக் காணிகள் அரசினுடையவை. 1992 முதல் அவற்றுட் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கையில். குத்தகைக்காரர் பிறருக்கு உறுதி எழுதிக் கொடுத்தல் இயலாது. உறுதியில்லாதவருக்கு வங்கி ஈட்டுக்கடன் கொடாது. கடனின்றி நாட்கூலி பெறுவோர் வீடு கட்டுவது எங்ஙனம்?

இந்திய உதவியுடன் 4,000 வீடுகள், வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்ற திட்டம் எழுந்தது. மேலும் 10,000 வீடுகள் 2017ஆம் ஆண்டில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. மகிழ்ச்சியே. ஆயினும், முன்னர்க் கடன் பெற்றுத் தனி வீடு கட்டி, சம்பளத்திலே தவணை கட்டித் தீர்த்த பின்னரும் உறுதியைக் காணாதோர் பலர் என்பதை நாம் மறத்தலாகாது. சுவர் தம்முடையது, நிலம் பிறருடையது எனின் அதனைச் சொந்த வீடென்பதா?

மலைநாட்டிலே படித்த பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் ஒன்று சொல்வோம். பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றிலே பெயர் ஒன்றாக இருக்கின்றதா என்று பாருங்கள். பிழையிருப்பின் இப்போதே திருத்துங்கள். கையில் வரும் பத்திரம் உறுதியா, அனுமதிப்பத்திரமா, வெறும் கடிதமா என்று வாசித்துச் சொல்லுங்கள். உறுதியாயின் அது காணிப் பதிவகத்திலே பதியப்பட்டதா என்று விசாரியுங்கள். கணவன் பெயரோடு மனைவியின் பெயரும் அதில் இருக்க வேண்டுமென்று கேளுங்கள். கொழுந்து கொய்து குடும்பத்தைக் காத்தவள் அவளன்றோ?

பாட்டனார் கூடை நிறையக் கொடுத்தார். பேரப்பிள்ளை ஒரு கடதாசியை வாங்கித் தரட்டும். அதன்பின் அந்தக் கிழவர் தம் வாசற்படியில் அமரும்போது, எழுந்து போ என்று சொல்ல எவருமிரார்.