பேசும் பெட்டி யாருடையது?

நுகர்வோர் மின்னணுப் பொருள்களின் வடிவமைப்பு குறித்து நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் 'தடையின்மை' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே வருகின்றன. பொத்தான் மறைகிறது, கம்பி மறைகிறது, திருகாணி மறைகிறது, கடைசியில் திரையும் மறைந்து குரல் மட்டும் எஞ்சுகிறது. இதை வளர்ச்சி என்று எழுதிவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடுகிறோம். மறைந்தவற்றின் பட்டியலில் ஒன்றை மட்டும் எவரும் சேர்ப்பதில்லை. கைக்கு வந்த பொருளின்மீது கையாள்பவருக்கு இருந்த உரிமையும் அவற்றோடு சேர்ந்து மறைந்திருக்கிறது. இப்பதிவு அதைப் பற்றியது. சற்று நீளமானது. உடன்படாதவர்கள் காரணத்தோடு மறுத்தால் மகிழ்வேன்.

இதற்குச் சான்று தேடிக் கலிபோர்னியா வரை போகவேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்தால் போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் இராஜா கேசவதாசன் காலத்தில் உருவான சாலைக் கம்போளத்தை ஒட்டிய பகுதி இது. ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளைப் படித்தவர்களுக்கு இத்தெருவின் வாசனை பழக்கமானது. தமிழில் கணக்கெழுதி மலையாளத்தில் விலை சொல்லும் வணிகர்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கிறார்கள். இன்று இங்குள்ள கல்லாப்பெட்டிகளின்மேல் இரண்டு கருவிகளைப் பார்க்கலாம். ஒன்று மின்னணுத் தராசு. மற்றது, பணம் வந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே என் வாதம்.

தராசைச் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 கட்டுப்படுத்துகிறது. மின்னணுத் தராசை ஆண்டுக்கொருமுறையும் எடைக்கற்களை இரண்டு ஆண்டுக்கொருமுறையும் அரசு அலுவலர் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத் தராசால் வணிகம் செய்வது குற்றம். தராசு வணிகரின் சொத்துதான். ஆனால் அது சொல்லும் எடை விற்பவர் வாங்குபவர் இருவருக்கும் பொதுவான உண்மை என்பதால் அரசு அதற்குள் கைவைக்கிறது. தராசு செய்த நிறுவனம் நாளை மூடப்பட்டாலும் ஒரு கிலோ மிளகு ஒரு கிலோவாகவே நிறுக்கப்படும்.

அருகிலிருக்கும் பெட்டியோ வேறு பிறவி. யூபிஐ 2016இல் வந்தது. பேடிஎம் தன் சவுண்ட்பாக்ஸை 2019இல் அறிமுகப்படுத்தியது, பிற நிறுவனங்கள் தொடர்ந்தன. உள்ளே ஒரு சிம் அட்டை, ஒரு மின்கலம், ஓர் ஒலிபெருக்கி, ஒரு சிறு சில்லு, அவ்வளவே. வாடிக்கையாளர் செலுத்திய தொகை பற்றிய செய்தி நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகிறது. சேவையகம் கைப்பேசி அலைவரிசை வழியாகப் பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி, ஏற்கெனவே பதிவான குரல்துண்டுகளைக் கோத்து, 'நூற்றைம்பது ரூபாய் வந்தது' என்கிறது. வணிகரின் வங்கிக்கும் பெட்டிக்கும் நேர்த்தொடர்பு இல்லை. நடுவில் நிற்பவர் சொன்னால் பெட்டி பேசும், சொல்லாவிட்டால் ஊமை.

முதலில் இதற்குரிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். அண்மைக்காலத்தில் இந்தியாவில் தோன்றிய மிகச் சிறந்த வடிவமைப்புகளுள் இது ஒன்று. போலித் திரைப்பிடிப்பைக் காட்டிச் சரக்கோடு நழுவும் ஏமாற்று பெருகியபோது, கல்லாவில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் கைப்பேசியை எடுத்துக் குறுஞ்செய்தியைத் தேடவேண்டியிருந்தது. எழுத்தறியாதவருக்கும், கண்பார்வை மங்கியவருக்கும், இரு கையிலும் மூட்டை பிடித்திருப்பவருக்கும் காது போதும் என்று கண்டுபிடித்தவர்கள் கடைத்தெருவை உற்றுப் பார்த்தவர்கள்தாம். பிற பகுதிகளில் மொழி ஒரு துணை வசதியாகத்தான் சேர்க்கப்படும். இங்கே தமிழிலும் மலையாளத்திலும் பேசுவதே பொருளின் உயிர்.

(இடையில் ஒன்று. தொகையைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பது நம் வணிக மரபுக்கு விந்தையானது. மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல்பிடித்து விலைபேசிய சமூகம் இது. மொத்த வியாபாரத்தில் யாருக்கு எந்த விலை என்பது அண்டைக் கடைக்குத் தெரியக்கூடாத செய்தி. வடிவமைத்தவர்கள் சில்லறைக் கடையை மட்டுமே மனத்தில் வைத்திருக்க வேண்டும். இது தனிக் கட்டுரைக்குரியது, விடுகிறேன்.)

குறை வடிவத்தில் இல்லை, உடைமையில் இருக்கிறது. இப்பெட்டிகளில் பல விற்கப்படுவதில்லை, மாதக் கட்டணத்துக்குத் தரப்படுகின்றன. பேடிஎம் தன் நிதிநிலை அறிக்கைகளிலேயே இவ்வணிகர்களைக் 'கருவிச் சந்தா' செலுத்துவோர் என்று கணக்கிடுகிறது. 2023 இறுதியில் அவ்வெண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்திருந்தது. சந்தா என்ற சொல்லைக் கவனியுங்கள். நாளிதழுக்குச் சந்தா கட்டினால் நேற்றைய இதழாவது நம் வீட்டில் இருக்கும். இங்கே சந்தா நின்றால் மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் கூடு.

இதன் பொருள் 2024இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின்மீது கட்டுப்பாடுகளை விதித்தது. பிப்ரவரி 29 என்றிருந்த கெடு பின்னர் மார்ச் 15க்கு நீட்டிக்கப்பட்டது. அந்த வங்கிக் கணக்கோடு இணைந்த கியூஆர் அட்டையும் சவுண்ட்பாக்ஸும் கெடுவுக்குப்பின் பணம் பெற உதவா, வேறு வங்கிக் கணக்கோடு இணைந்தவை இயங்கும் என்று ரிசர்வ் வங்கி விளக்கமளித்தது. கட்டுப்பாடு சரியா தவறா என்பது இங்கே என் கேள்வியன்று. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை, வணிகர் எந்தத் தவறும் செய்யவில்லை. எனினும் அவருடைய கல்லாவில் இருக்கும் கருவி வரும் திங்கட்கிழமை பேசுமா என்பதை அவர் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எந்தத் தராசைப் பற்றியாவது இந்த ஐயம் எழுந்ததுண்டா?

இதில் ஒரு முரண் இருக்கிறது, அதைக் கொள்கை ஆய்வாளர்கள் கூடப் பேசவில்லை. 2020 அக்டோபர் 22 அன்று ரிசர்வ் வங்கி, நிறுவனங்கள் தங்களுக்கென்று தனிவகைக் கியூஆர் குறிகளைப் புதிதாக வெளியிடக்கூடாது, ஏற்கெனவே உள்ளவற்றை 2022 மார்ச் 31க்குள் எல்லாச் செயலிகளாலும் படிக்கக்கூடியவையாக மாற்றவேண்டும் என்று ஆணையிட்டது. ஆகவே இன்று கடையில் ஒட்டியிருக்கும் பத்துப் பைசா பெறாத காகிதம் அனைவருக்கும் பொதுவானது. அதைப் பற்றி அறிவிக்கும் பெட்டியோ ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தம். அந்நிறுவனத்தின் குறிக்கு வந்த பணத்தை மட்டுமே அது சொல்லும். அதனால்தான் ஒரே மேசையில் இரண்டு மூன்று பெட்டிகள், இரண்டு மூன்று சந்தாக்கள், இரண்டு மூன்று மின்னேற்றிகள். காகிதத்தைத் திறந்துவிட்டுக் குரலைப் பூட்டியிருக்கிறோம். பொதுப் பணத்தில் வளர்ந்த பொதுத் தளத்தின் கடைசி மூன்றடி தனியார் சுங்கச்சாவடி ஆனது இப்படித்தான்.

இந்தச் சாவடியில் வசூலாவது வாடகை மட்டுமன்று. கடையின் அன்றாட வரவு முழுவதும் நிறுவனத்தின் கண்முன் ஓடுகிறது. அதை வைத்தே வணிகருக்குக் கடன் பரிந்துரைக்கப்படுகிறது, தவணையும் பல நேரங்களில் அதே வரவிலிருந்து நாள்தோறும் பிடிக்கப்படுகிறது. பெட்டியைத் திருப்பிக்கொடுப்பது கடனைத் திருப்பிக்கொடுப்பது போலக் கடினமாகிவிட்டால், 'விரும்பினால் மாறிக்கொள்ளலாமே' என்ற வாதம் எங்கே நிற்கும்?

இது இந்தியக் கடைத்தெருவுக்கு மட்டும் உரிய நோயன்று. வீட்டுக் கருவிகளை ஒன்றிணைக்கும் ரிவால்வ் என்னும் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையகம் நிறுத்தப்பட, சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கியவர்களின் பெட்டிகள் ஒரே நாளில் செத்தன. ஹியூமேன் நிறுவனம் 699 டாலருக்கு 2024இல் விற்ற ஏஐ பின், 2025 பிப்ரவரி 28 அன்று அணைக்கப்பட்டது. ஓராண்டுகூட நிறையவில்லை. இவற்றைத் தோல்விகள் என்று வணிக இதழ்கள் எழுதின. எனக்கு அவை தோல்விகளாகத் தெரியவில்லை. அவை வடிவமைக்கப்பட்டவாறே நடந்துகொண்டன. தொலைவிலிருந்து உயிரூட்டப்படும் பொருளுக்குத் தொலைவிலிருந்து உயிர்பறிக்கும் வசதியும் சேர்ந்தே வரும்.

எதிர்வாதங்களில் இரண்டை மதிக்கிறேன். சேவையகத்தை நடத்தப் பணம் வேண்டும் என்பது முதலாவது. வேண்டும்தான். ஆனால் இணைப்புக்கான கட்டணமும் கருவியின் உடைமையும் இருவேறு பொருள்கள். கைப்பேசியை ஒரு கடையில் வாங்கி, சிம்மை எந்த நிறுவனத்திடமும் பெற்று, எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் நாட்டில் இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியிருப்பதே வியப்பு. இரண்டாவது, பாதுகாப்பு: திறந்துவிட்டால் போலிப்பெட்டிகள் வரும் என்கிறார்கள். தராசிலும் போலி வரும். அதற்காக எல்லாத் தராசையும் ஒரே ஆலையிடம் வாடகைக்கு எடுக்கச் சொல்லவில்லை, முத்திரை வைத்தோம்.

மூன்றாவதாக ஒன்றுண்டு, 'பயனருக்கு உடைமையில் ஆர்வமில்லை, வசதி போதும்' என்பது. இதை நம் துறையினர்தான் அதிகம் சொல்கிறார்கள். 'பயனர்' என்ற சொல்லையே நான் ஐயுறுகிறேன். பயன்படுத்துபவர் என்று ஒருவரைப் பெயரிட்ட கணத்திலேயே உரிமையாளர் வேறொருவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். ஆரியசாலை வணிகரை நேர்காணல் செய்யும் வினாநிரலில் 'வசதியாக இருக்கிறதா, மொழி புரிகிறதா, ஒலி போதுமா' என்று இருபது கேள்விகள் கேட்டு, 'இது உங்களுடையதா' என்ற ஒன்றைக் கேட்காமல் வந்தால், வசதியே முதன்மை என்ற முடிவுதான் கிடைக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத ஊருமல்ல இது. ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தில், தனியார் நிறுவனமே முதலிட்டு, பொருத்தி, இயக்கி, மீட்டருக்கு இவ்வளவென்று மாதந்தோறும் பணம் பெறும் முறையை மத்திய அரசு முன்வைத்தபோது, கேரள மின்வாரியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2023இல் மாநில அரசு அம்முறையை ஏற்பதில்லை என்றும் மாற்று வழியில் மீட்டர்களை நிறுவுவதென்றும் முடிவெடுத்தது. மத்திய நிதியுதவியை இழக்க நேரிடும் என்ற எச்சரிக்கையோடு எடுத்த முடிவு அது. சரியோ தவறோ, மின்சாரத்தை அளக்கும் கருவி யார் கையில் இருக்கவேண்டும் என்பது இங்கே அரசியல் வினாவாயிற்று. பணவரவை அறிவிக்கும் கருவி ஏன் ஆகவில்லை? அதைப் பொருத்தியவர்கள் ஒவ்வொரு கடையாக, ஒவ்வொருவராக, புன்னகையோடு வந்தார்கள். எதிர்க்க ஒரு சங்கமும் அங்கே இல்லை.

என் கோரிக்கைகள் எளியவை. பெட்டிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான மொழியைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் பொதுத்தரமாக வெளியிட வேண்டும். வணிகர் தன் பெட்டியைத் தன் எந்த வங்கிக் கணக்கோடும் தானே இணைக்க முடியவேண்டும். விலை, மாதக்கட்டணம், எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் ஆதரவு என்பன பெட்டியின் மேலேயே அச்சிடப்பட வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளை விற்போர் பாதுகாப்பு மேம்படுத்தல் எதுவரை கிடைக்கும் என்று அறிவித்தாக வேண்டும். கைக்கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்யவேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. நம்மிடம் 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் இருக்கிறது. அது வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. கல்லாமேல் இருக்கும் பெட்டி அவற்றுள் எதிலும் அடங்கவில்லை. அது நுகர்வோர் பொருளா வணிகக் கருவியா என்பதே இன்னும் வரையறுக்கப்படாதது நிறுவனங்களுக்கு வசதியாயிருக்கிறது.

பழுதுநீக்கும் உரிமையைக் கவனிப்பதும், தராசுச் சட்டத்தை நிர்வகிப்பதும் ஒரே அலுவலகம்தான்: மத்திய நுகர்வோர் விவகாரத் துறை. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்லி மனு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தரவு வேண்டும். ஆரியசாலை முதல் கிள்ளிப்பாலம் வரை கடைகடையாகச் சென்று, கல்லாவில் எத்தனை பெட்டி, யாருக்குச் சந்தா, எவ்வளவு, எத்தனை முறை ஊமையானது, யார் பழுதுபார்த்தார்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் கேட்டெழுத ஆறேழு மாணவர்கள் தேவை. விருப்பமுள்ளோர் உள்பெட்டியில் எழுதுங்கள். வினாநிரலின் முதல் கேள்வி எதுவென்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.