ஆத்தங்கரை மரத்தை மானாவாரியில் வெச்சா..? தைல மரம் 'வில்லன்' ஆன கதை!

சேரன்மகாதேவி,

"தைல மரம் வெச்சா கிணத்துல தண்ணி நிக்காது." நெல்லை மாவட்ட டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "மழையே இல்லைன்னா மரம் என்னய்யா செய்யும்?" என்று எதிர்ப்பேச்சும் உடனே வரும். இரண்டிலும் பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரிய வேண்டும் என்றால், இந்த மரத்தின் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும்.

யூகலிப்டசில் 700-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே ஆஸ்திரேலியா பக்கத்தைச் சேர்ந்தவை. 1843-ல் ஊட்டிக்கு வந்து சேர்ந்தது டாஸ்மேனியாவின் குளிரிலும் ஈரத்திலும் வளரும் வகை. தலைவலிக்குத் தடவும் நீலகிரித் தைலம் அதன் இலையில் இருந்து வடிப்பதுதான். கீழே சமவெளியில் காகித ஆலைக்காக நடுகிற 'தைல மரம்' வேறு. அதில் முக்கியமான வகைக்கு ஆங்கிலத்தில் 'ரிவர் ரெட் கம்' என்று பெயர். பெயரிலேயே ஆறு இருக்கிறது!

ஆற்றங்கரை ராஜா

சேரன்மகாதேவியில் தாமிரபரணிக் கரையில் மருத மரங்கள் நிற்பது போல, ஆஸ்திரேலியாவின் முர்ரே, டார்லிங் ஆறுகளின் கரைகளில் நிற்பது இந்த மரம். வெள்ளம் வந்தால் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கும். வெள்ளம் வடிந்த ஈர மண்ணில்தான் விதை முளைத்துப் பிழைக்கும். அங்கே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழும். வயதான மரப்பொந்துகளில் கிளிகள் குஞ்சு பொரிக்கும். கோலா கரடிக்கு இதன் இலையும் தீனி. காற்றே இல்லாத நேரத்தில் பெரிய கிளை திடீரென முறிந்து விழும் என்பதால், மரத்தடியில் கூடாரம் போடாதே என்று அந்த ஊரில் எச்சரிப்பார்கள். 'விதவையாக்கி' என்றே பட்டப்பெயர்!

அங்கேயும் இதற்கு நிம்மதி இல்லை. அணைகள் கட்டியதும் வெள்ளம் குறைந்தது. 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சியும் சேர்ந்துகொள்ள, முர்ரே கரையில் ஏராளமான மரங்கள் காய்ந்தன. இந்த மரங்களுக்காகவே அணையைத் திறந்து காட்டுக்குள் தண்ணீர் விட்டார்கள். 2010-ல் பார்மா காடு தேசியப் பூங்கா ஆனது. தண்ணீர் இல்லாமல் சாகிற மரம் என்று அங்கே கண்ணீர், தண்ணீரைக் குடிக்கிற மரம் என்று இங்கே சாபம். மரம் ஒன்றுதான்.

கிணறு ஏன் இறங்குது?

ஆற்றங்கரை மரத்தைக் கொண்டு வந்து மானாவாரி நிலத்தில் நட்டால் அது என்ன செய்யும்? தண்ணீரைத் தேடி வேரைக் கீழே இறக்கும். பெங்களூர் பக்கம் ஹொசகோட்டையில் நடந்து 1990-களில் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆழமான மண் உள்ள இடத்தில், அந்த ஆண்டுகளில் பெய்த மழையை விட அதிகத் தண்ணீரை மரங்கள் இழுத்திருந்தன. மண்ணுக்கு அடியில் சேர்ந்து கிடந்த ஈரத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டன. ஆனால் மண் ஆழம் குறைந்த வேறு இடங்களில், பக்கத்துக் காட்டு மரங்கள் குடித்த அளவுதான் இதுவும் குடித்தது. ஆகவே மண்ணைப் பார்க்காமல் மரத்தை மட்டும் திட்டுவதில் பயன் இல்லை.

அப்புறம் ஏன் விவசாயி இதை நடுகிறார்? ஆடு மாடு இலையைக் கடிக்காது. காவல் வேண்டாம், களை எடுப்பு வேண்டாம். நாலைந்து வருஷத்தில் வெட்டி ஆலைக்கு அனுப்பினால் மொத்தமாகப் பணம். வெட்டின கட்டையே மறுபடி துளிர்க்கும், திரும்ப நடுகிற செலவும் மிச்சம். வெளியூரில் வேலை பார்க்கும் நிலக்காரருக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது.

கூலி போச்சு!

ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் கணக்கு வேறு. அதே நிலத்தில் உளுந்தோ பருத்தியோ இருந்தால் களை எடுக்க, பறிக்க என்று பெண்களுக்கு வேலை இருக்கும். தைல மரத்தில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டு. அதுக்கும் வெளியில் இருந்து ஆள் வந்து இறங்குவதுண்டு. கிணற்று மட்டம் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.

கர்நாடகாவில் 1983-லேயே தும்கூர் மாவட்ட விவசாயிகள் நாற்றங்காலில் புகுந்து தைலக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 2017-ல் புதிதாக நடவே கூடாது என்று அந்த மாநில அரசு தடை போட்டது. நம் பக்கம் புதுக்கோட்டையில் வனத்தோட்டக் கழகத்தின் தைலக் காடுகளை எதிர்த்து விவசாயிகள் பல முறை போராட்டம் நடத்தியிருக்கிறார்கள்.

கன்னடியன் கால்வாய் பாய்கிற வயல்காட்டுக்கு இதனால் உடனே ஆபத்து என்று சொல்ல முடியாது. கிணற்றை மட்டும் நம்பியிருக்கிற மேட்டு நிலத்துக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றுக்கு அருகிலும், ஆழமான மண்ணிலும் தைலத்தை வைப்பது வீண் வம்பு. கரையோரம் என்றால் மருது இருக்கிறது, நாவல் இருக்கிறது. நாவல் மரம் தைல மரத்துக்குச் சொந்தக்காரன், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். இந்தச் சொந்தக்காரன் பழமும் தருவான்.

ஏற்கனவே நட்டவர்கள் 'வேண்டாம்' என்று முடிவு எடுத்தாலும் சும்மா வெட்டிப் போட்டால் ஒழியாது. கட்டை துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஜே.சி.பி. வைத்து வேரோடு தோண்ட வேண்டும். ஆலைக்காரர் எடுப்பது மரத்தை மட்டும்தான். கட்டையைத் தோண்டும் வாடகை நிலக்காரர் தலையில்.